பவளக்கா கழுவிய தரை

போன கிழமை எங்கள் வீட்டில் வாஷிங் மெஷினுக்குப் போகும் குழாய் வெடித்துவிட்டது. ஸ்ட்ரெதமில் இருக்கும் இந்த வீடு வாங்கிய நாளிலிருந்தே ஏதாவது ஒன்றை உடைத்துக்காட்டி எங்களுக்கு வேலை தந்துகொண்டிருக்கிறது. நான் வேலையால் வந்து கதவைத் திறந்தால் நடைபாதைக் கார்ப்பெட் முழுவதும் தண்ணீர். குழாய் திருத்த வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். பழைய கார்ப்பெட் நனைந்தால் எப்படி மணக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செம்மறியாடு ஒன்று மழையில் நனைந்துபோய் வீட்டுக்குள் வந்து படுத்ததுபோல இருக்கும். நான் மட்டும் அதை நன்றாக இழுத்து மணந்துகொண்டு சிரித்தபடி நின்றேன்.

"வீடு நாறுது. உங்களுக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு?" என்றாள் மனைவி.

"பவளக்காவை நினைச்சன்," என்றேன். அந்தப் பதில் நிலைமையைச் சீராக்கவில்லை.

அவளுக்கு அன்று சொல்ல முடியாமல் போனதை உங்களுக்குச் சொல்கிறேன். இதே மணம் மூக்கில் ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், இடிபட இருந்த யூதக் கோயில் ஒன்றை நாங்கள் காப்பாற்றினோம். நாங்கள் என்றால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். பெருமை பேசுகிறேன் என்று நினைத்தால் நினையுங்கள். வாழ்க்கையில் ஒரு தடவை வென்றவனுக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல உரிமை இருக்கிறது.

அப்போது நான் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தேன். வேலை பெற்றோல் ஸ்டேஷனில். எங்களவர்களில் பாதிப்பேர் பெற்றோல் மணத்தோடுதான் இந்த நாட்டைப் படித்தோம். பிறகு டாக்டராகவும் எஞ்சினியராகவும் ஆனவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். நான் இரண்டுமே ஆகாதபடியால் தாராளமாகச் சொல்லலாம். அங்கே டீசல் அடிக்க வருபவர்களில் ஒருவர் சாம். கறுப்பு டாக்சி ஓட்டி ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற பிறகும் டாக்சியை விற்க மனம் வராமல் அதிலேயே கடைக்குப் பாண் வாங்கப் போவார். காலநிலை, கவுன்சில், உதைபந்தாட்டம் மூன்றையும் திட்டாமல் அவருக்குப் பொழுது விடியாது. கிழக்கு லண்டன் ஆங்கிலத்தில் அவர் பேசியதை எனக்கு விளங்கிய மட்டில்தான் இங்கே தருகிறேன்.

பெற்றோல் ஸ்டேஷனுக்கு அடுத்த தெருவில் புகை பிடித்துக் கறுத்த செங்கல் கட்டடம் ஒன்று இருந்தது. மூடிப்போன பாக்டரி என்றுதான் பல மாதமாக நினைத்திருந்தேன். அது சினகாக், யூதர்களின் கோயில் என்று சாம்தான் சொன்னார். அதன் சாவியும் பொறுப்பும் அவரிடம் இருந்தன. ஒரு காலத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் தையல் வேலை செய்த யூதக் குடும்பங்கள் சேர்ந்து கட்டிய கோயிலாம். பிள்ளைகள் படித்து, உழைத்து, வட லண்டன் பக்கம் பெரிய வீடுகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது சாமும், சாமைப் போல நகர மனமில்லாத சில கிழவர்களும்.

இந்த இடத்தில் பவளக்காவைக் கூட்டிவர வேண்டும். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத் தலைவி அவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஜெர்மனியில் பிள்ளைகளைப் பெற்று, அவர்கள் இங்கிலீஷ் படிக்கவேண்டும் என்பதற்காக லண்டனுக்கு வந்து சீலைக்கடை போட்டவர். ஜெர்மன்காரரின் ஒழுங்கும் யாழ்ப்பாணத்துப் பிடிவாதமும் ஓராளிடம் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்களுக்குச் சனிக்கிழமைகளில் கிடைத்துவந்த மண்டபத்தை நடன வகுப்பு ஒன்று தட்டிக்கொண்டு போய்விட்டது. "உம்மடை பெற்றோல் ஸ்டேஷனுக்கு எத்தினை சனம் வருது, ஒருத்தரிட்டையும் ஒரு ஹோல் இல்லையே?" என்று பவளக்கா என்னைக் குடைந்துகொண்டிருந்தார். நான் சாமிடம் கேட்டேன்.

"சனிக்கிழமை மட்டும் கேட்காதே, அது எங்கள் ஓய்வுநாள். மற்ற நாள் எல்லாம் சும்மாதான் கிடக்கிறது," என்றார் சாம்.

லண்டனில் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்றால் சனிக்கிழமைதான். எங்களுடையது ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம் ஆனது அப்படித்தான்.

மண்டபம் பார்க்கப் போன முதல் நாளே எங்கள் பக்தியைக் காட்டினோம். கோயில் என்றால் என்ன செய்வோம்? வாசலில் சப்பாத்தைக் கழற்றினோம். நான் குளிருக்குப் போட்டிருந்த கம்பளித் தொப்பியையும் கழற்றிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, கை கட்டி, பவ்வியமாக உள்ளே கால் வைத்தேன். சாம் உள்ளே இருந்து கத்தினார்: "தொப்பியைப் போடு! சப்பாத்தையும் போடு! இது என்ன, நீச்சல் குளமா?" அவர்களுக்குத் தலையை மூடுவதுதான் மரியாதை என்பது அன்று தெரிந்தது. தொப்பி இல்லாமல் வந்த பவளக்காவின் கணவருக்கு சாம் தன் பையிலிருந்து வட்டக் குல்லா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் பேசாத மனிதர். அதைப் போட்டுக்கொண்டு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தார். வீட்டுக்கும் அதோடேயே போய்விட்டார்.

பின்பக்க மண்டபத்தில் ஒரு குசினி இருந்தது. அதில் இரண்டு தொட்டி. ஒன்றுக்குச் சிவப்புப் பூச்சு, மற்றதற்கு நீலம். இறைச்சிப் பாத்திரம் ஒன்றில், பால் பாத்திரம் மற்றதில் கழுவ வேண்டும், மாறக்கூடாது என்று சாம் சொல்லி, இவர்களுக்கு எப்படி விளங்கப்போகிறது என்ற கவலையோடு எங்களைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்து முடிக்கவில்லை, பவளக்கா தலையை ஆட்டிவிட்டார். "விளங்குது, விளங்குது. மரக்கறிச் சட்டி வேறை, மச்சச் சட்டி வேறை. இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தரவேணுமே?" அன்றிலிருந்து சாம் அந்தத் தொட்டிகளைப் பற்றிப் பேசியதே இல்லை.

வாசல் நிலையில் சரிவாக ஒரு சின்னக் குழல் அடித்திருந்தார்கள். உள்ளே வேத வசனம் இருக்கிறதாம். சாம் உள்ளே போகும்போதெல்லாம் அதைத் தொட்டு விரலை முத்தமிடுவார். எங்கள் பிள்ளைகளும் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். வாணிவிழா நாளன்று யாரோ அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார்கள். நான் பயந்துபோய்த் துடைக்க ஓடினேன். சாம் குனிந்து பார்த்து, "இது உங்கள் ஊரில் நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார். "நல்லது," என்றேன். "அப்ப நாளைக்குத் துடைப்போம்," என்றார்.

இப்படி ஒருவருக்கொருவர் பழகிப்போன காலத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. கட்டடம் யூதக் கோயில்களின் தலைமைச் சபைக்குச் சொந்தம்; சபை அதை விற்கப்போகிறது. வாங்குகிறவர் இடித்துவிட்டு ஃபிளாட் கட்டுவார். சாம் அன்று டீசல் அடித்துவிட்டுப் போகாமல் டாக்சிக்குள்ளேயே இருந்தார். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தும் அசையவில்லை. நான் போய் ஜன்னலைத் தட்டினேன். "என் தாத்தா கட்டின இடம். அப்பாவும் அம்மாவும் கல்யாணம் செய்த இடம். அதை இடிப்பதற்கு நான் கதவு திறந்துவிடவேண்டுமாம், சாவி என்னிடம்தானே இருக்கிறது," என்றார். அன்று அவர் கவுன்சிலைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இடிக்காமல் தடுக்க ஒரு வழிதான் இருந்தது. கட்டடத்தில் ஏதாவது விசேஷம் இருக்கிறது என்று நிரூபித்து, அதை லிஸ்டட் பில்டிங் ஆக்கவேண்டும். அந்தத் தகுதி வந்துவிட்டால் இலேசில் ஒருவரும் கை வைக்கமுடியாது. பழைய கட்டடங்களைப் பார்த்து மதிப்புச் சொல்லும் ஒரு பெண்மணி வந்தார். சுற்றிப் பார்த்தார். நல்லவர், முகத்தில் கவலையோடுதான் சொன்னார். ஜன்னல்கள் யுத்தத்துக்குப் பிறகு மாற்றியவை. உட்காரும் மர வாங்குகள் வேறெங்கோ இருந்து வந்தவை. வெளிச்சுவரிலும் ஒன்றும் இல்லை. இதைவிட நல்லவை வேறு இடங்களில் இருக்கின்றன. சாம் கெஞ்சிக் கேட்டதால், தன் மேலதிகாரியையும் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் வரப்போகும் கிழமைக்கு முதல் ஞாயிறு, சாம் என்னிடம், "உங்கள் ஆட்களைக் கொஞ்சம் துப்புரவாக்கச் சொல்லு," என்றார். நான் பவளக்காவிடம் சொன்னேன்.

"கொஞ்சம் துப்புரவாக்கிறதெண்டு ஒண்டு இருக்கே?" என்றார் பவளக்கா. "ஆக்கள் வருகினம் எண்டா வீடு கழுவவேணும்."

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நல்லநாள் பெருநாள் என்றால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, உரஞ்சிக் கழுவி, வாசலால் தள்ளிவிட வேண்டும். இந்த நாட்டு வீடுகள் அதற்குத் தோதானவை அல்ல. இங்கே தரையில் ஊற்றிய தண்ணீர் வெளியே போகாது, கீழ்வீட்டுக்காரனின் கூரைக்குத்தான் போகும். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து ஹூவர் மெஷின் பிடித்தே கை வெறுத்துப்போயிருந்த எங்கள் பெண்களுக்கு, வெளிவாசலில் இருந்து தெருவுக்கு நேரே படி இறங்கும் முன்மண்டபம் ஒன்று கிடைத்தால் விடுவார்களா? அன்று வகுப்பு நடக்கவில்லை. வாளிகள் வந்தன. மஞ்சள் கரைத்த தண்ணீர் வந்தது. யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்து பாவிக்காமல் வைத்திருந்த, தென்னந்தும்பு கட்டிய தும்புத்தடிகள் வந்தன.

முன்மண்டபத்தில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கார்ப்பெட் கிடந்தது. அதைக் கழற்றலாமா என்று சாமிடம் கேட்டுவிட்டுச் செய்வோம் என்றேன். "கார்ப்பெட்டுக்கு மேலையே தண்ணி ஊத்திறது? விசர்க் கதை கதையாதையும்," என்றார் பவளக்கா. நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். அதற்குள் யாரோ அவசரத்தில் முதல் வாளியை ஊற்றிவிட்டார்கள். அந்த மணம், அந்தச் செம்மறியாட்டு மணம், அப்போதுதான் எழும்பியது. கார்ப்பெட்டுக்குக் கீழே லினோலியம். அது ஓரங்களில் உப்பிப்போய்க் கிடந்தது. அதன் மேலும் தண்ணீர் போனது. படிகளால் இறங்கி நடைபாதையில் மஞ்சள் வெள்ளம் ஓடியது. பஸ்ஸுக்கு நின்ற சனம் காலைத் தூக்கிக்கொண்டு பார்த்தது.

சாம் வந்த நேரமும் அதுதான்.

"என்ன செய்கிறீர்கள்! ஐயோ, என்ன செய்கிறீர்கள்!" அவர் முகம் சிவந்துவிட்டது. "அவர்கள் இடிக்கவே தேவையில்லை, நீங்களே கரைத்து அனுப்பிவிடுவீர்கள்!" நான் அவருக்கும் பவளக்காவுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்க முயன்றேன். இரண்டு பக்கத்துக்கும் நான் தேவைப்படவில்லை; சத்தம் போதுமாக இருந்தது. பவளக்கா தும்புத்தடியால் ஒரு தள்ளுத் தள்ளினார். ஊறிப்போயிருந்த லினோலியம் மூலையோடு கிளம்பித் தடியில் மாட்டிக்கொண்டு வந்தது.

கீழே நீலம் தெரிந்தது. மாலைக் கருக்கல் வானத்தின் நீலம். அவர் இன்னும் கொஞ்சம் தள்ளினார். நீலத்துக்குள் வெள்ளை, வெள்ளைக்குள் மஞ்சள். நகத்தளவு கற்களாகப் பதித்த தரை. பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லாரும் குந்தியிருந்து லினோலியத்தை உரித்தோம். சுற்றிவர மாதுளம்பழக் கரை. நடுவில் ஆறுமுனை நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கத்தரிக்கோல், ஒரு நூல் கட்டை, ஒரு தையல் ஊசி, ஒரு கரி இஸ்திரிப்பெட்டி. தையல்காரர்கள் தங்கள் கோயில் வாசலில் தங்கள் ஆயுதங்களைப் பதித்து வைத்திருந்தார்கள். ஆயுதபூசை செய்கிற எங்களுக்கு அதை யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

சாம் நனைந்த வாசற்படியிலேயே குந்திவிட்டார். காற்சட்டை நனைவதையும் பார்க்கவில்லை. "தாத்தா சொல்லுவார், வேலை முடிந்து வந்து நாங்கள் முழங்காலில் நின்று இந்தக் கோயிலுக்குத் தரை போட்டோம் என்று. நான் பார்த்தது கார்ப்பெட்டைத்தான். கிழவன் புளுகுகிறான் என்றுதான் நினைத்திருந்தேன்," என்றார். பிறகு கத்தரிக்கோலின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அழுதார். பவளக்கா தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, அவருக்குத் தேத்தண்ணீர் போடப் போனார்.

மேலதிகாரி வந்த அன்று அவர் வாசலைத் தாண்டி உள்ளே போக அரைமணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. குனிந்தார், பிறகு முழங்காலில் நின்றார், பிறகு தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தார். இப்படி ஒன்றைத் தான் வேறெங்கும் பார்த்ததில்லை என்றார். நாங்கள் வென்றுவிட்டோம் என்று நினைத்தோம். ஆனால் வாங்க இருந்தவரும் சும்மா ஆள் அல்ல. லிஸ்டட் தகுதி வந்துசேர முதலே, கவுன்சிலில் கட்டட அனுமதி பற்றிய கூட்டத்தில், நல்ல சூட் போட்ட அவருடைய ஆள் எழுந்து இனிமையாகப் பேசினார். தரை அருமையானது, அதை மதிக்கிறோம், பத்திரமாக வெட்டி எடுத்துப் புதிய ஃபிளாட்டின் வரவேற்பறையில் பதிக்கிறோம் என்றார். கவுன்சிலர்கள் தலையை ஆட்டத் தொடங்கினார்கள். சாமைப் பேசச் சொன்னார்கள். எதையும் திட்டித் தீர்க்கும் அந்த மனிதருக்கு அன்று வாய் எழவில்லை. எழுந்து நின்றார், திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

பவளக்கா என் கையைப் பிடித்து எழுப்பினார். "நான் சொல்லுறன், நீர் இங்கிலீசிலை சொல்லும்," என்றார்.

"ஒருத்தன்ரை வாசலைக் கழட்டிக்கொண்டு போய் இன்னொருத்தன்ரை வீட்டிலை பூட்டினா, அது ஆரின்ரை வாசல்? அந்தச் சனம் முழங்காலிலை நிண்டு இதை வைச்சது வடிவு பாக்கிறதுக்கில்லை. தங்கடை பிள்ளையள் இதிலை காலை வைச்சு உள்ளுக்குப் போகவேணுமெண்டு. வாசலை விட்டிட்டுக் கோயிலை இடிச்சா, பிள்ளையள் எங்கை போறது?"

நான் சொன்னேன். என் வாழ்நாளில் தடுமாறாமல் பேசிய ஆங்கிலம் அது ஒன்றுதான். நேர்முகத் தேர்வு எதிலும் அது எனக்குத் திரும்ப வாய்க்கவில்லை.

கவுன்சிலர்களின் கைகள் உயர்ந்தன. தலைவர் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரோடு பேசினார், அனுமதி மறுக்கப்படுகிறது என்றார். பிறகு பின்வரிசையில் இருந்து, அதுவரை ஒரு கூட்டத்திலும் வாய் திறந்திராத பவளக்காவின் கணவர், தலையில் அந்த வட்டக் குல்லாவோடு எழுந்து, "அரோகரா!" என்று முழங்கினார். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் திருப்பி முழங்கினார்கள். முன்வரிசையில் இருந்த சாமின் கிழவர்கள் தங்கள் பாஷையில் "மசெல் டோவ்!" என்று வாழ்த்தினார்கள். காவலாளி ஓடிவந்து பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார்.

"அது என்ன சத்தம்?" என்று சாம் என் காதுக்குள் கேட்டார்.

"சாமி வெளியே வரும்போது போடுகிறது."

"இன்னொரு தடவை போடச் சொல்லு," என்றார்.

போட்டோம். கவுன்சில் கூரை அதிர்ந்தது. கொஞ்சக் காலத்தில் மேலிடத்தில் இருந்து லிஸ்டட் பில்டிங் தகுதியும் வந்துசேர்ந்தது.

தீர்ப்புக்கு அடுத்த சனிக்கிழமை சாம் என்னை வரச் சொன்னார். அவர்களில் பத்து ஆண்கள் கூடாவிட்டால் முழுப் பூசையும் செய்யமுடியாது. அங்கே பத்துப் பேர் சேர்ந்து வருடக்கணக்காகிறது என்று அன்றுதான் சொன்னார். செய்தி வட லண்டனுக்கும் போயிருந்தது. ஓய்வுநாளில் கார் ஓட்டக்கூடாதாம்; ஆகவே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் காரை இரண்டு தெரு தள்ளி ஒளித்துவிட்டு நடந்து வந்தார்கள். எல்லாரும் எல்லாருடைய காரையும் கண்டார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மனிதரை எண்ணுவது அவர்களுக்கும் ஆகாது, கண்ணூறு படும். அதனால் சாம் வாசலில் நின்று, நீலத் தரையில் ஒவ்வொரு சப்பாத்தாக வந்து மிதிக்க மிதிக்க, அவர்கள் பழைய பாஷையில் சத்தமாக இப்படி எண்ணினார்: ஒன்று இல்லை. இரண்டு இல்லை. மூன்று இல்லை. பத்து இல்லை என்று சொன்னபோது குரல் உடைந்தது. அதற்குப் பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நின்று கும்பிடவும் இடமில்லாமல் போனது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்தக் கோயில் தேரிலும் கண்டதில்லை.

இதெல்லாம் பழங்கதையாகிவிட்டது. எங்கள் பள்ளிக்கூடம் பெரிதாகி, ஒரு பெரிய பாடசாலைக் கட்டடத்துக்குப் போய், எல்லாரையும் போலச் சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. பவளக்கா மகளோடு திரும்ப ஜெர்மனிக்குப் போய்விட்டார். சாமும் கிழவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கார்ப்பெட் காய்ந்த பிறகு, நேற்று மனைவியைக் கூட்டிக்கொண்டு, இப்போது மியூசியம் ஆகிவிட்ட கட்டடத்தைப் பார்க்கப் போனேன். செங்கல்லின் கறுப்பைப் போக்கியிருக்கிறார்கள், உள்ளே சிவப்பு. கூரை புதிது. தரை மினுங்குகிறது. சுவர்ப் பலகையில், இந்தத் தரை திருத்த வேலையின்போது கண்டெடுக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறது. போகட்டும். பள்ளிப் பிள்ளைகளும் உல்லாசப் பயணிகளும் நிறைந்து வழிகிறார்கள். ஒரு கல் குறையவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் உள்ளே போனேன்.

வாசலில் ஒரு இளம்பெண் சின்ன மெஷின் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை அமத்துகிறாள். டிக், டிக். எங்கள் இருவருக்கும் அமத்தினாள். இன்றைக்கு நல்ல கூட்டம் என்று சிரித்தபடி எண்ணிக்கையைக் காட்டினாள். கட்டடத்தை நாங்கள் முழுசாகக் காப்பாற்றிவிட்டோம். ஒன்று இல்லை, இரண்டு இல்லை என்று எண்ணத் தெரிந்த ஆள்தான் அங்கே இப்போது ஒருவரும் இல்லை.